கரியில் வரைந்த கண் பலூன்: இந்தப் படத்தை எப்படிப் படிப்பது?

பாலக்கோட்டான்

எங்கள் ஓவியக் குழுவில் இந்த மாதம் பேச எடுத்துக்கொண்ட படம் இது. அங்கே பேச்சு தீரவில்லை, அதனால் இங்கே ஒரு விவாத இழையாகப் போடுகிறேன்.

வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஒதிலோன் ரெதோன் (1840–1916). 1878-ல் காகிதத்தில் கரியால் வரைந்தது. 42 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம் இருக்கும். அதாவது சுவரை அடைக்கும் ஓவியம் இல்லை, மடியில் வைத்துப் பார்க்கலாம். இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1882-ல் இதே படத்தை லித்தோகிராஃபாக (கல் அச்சாக) அச்சிட்டு, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவுக்குக் காணிக்கையாக்கிய தொகுப்பில் சேர்த்தார். அதில் தலைப்பு ஏறக்குறைய இப்படி: 'கண், விசித்திரமான ஒரு பலூன் போல, எல்லையற்றதை நோக்கிப் போகிறது.'

படத்தில் இருப்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பலூன் ஏறுகிறது. பலூனே ஒரு கண்விழி. மேல் ஓரத்தில் இமைமுடி நிற்கிறது. கருமணி நம்மைப் பார்க்கவில்லை, கீழே உள்ள நிலத்தையும் பார்க்கவில்லை, மேலே பார்க்கிறது. ஆள் ஏறும் கூடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டு தொங்குகிறது. தட்டில் ஒரு தலை, அதிலும் மேல்பாதிதான். அடியில் தாழ்வான தொடுவானம், நீர்ப்பரப்பு, முன்னால் கொஞ்சம் செடி. நிறம் கிடையாது.

எனக்கு இரண்டு கேள்விகள். கண் ஏன் மேலே பார்க்கிறது? அந்தத் தலை யாருடையது?

பர்கூர் சந்தேகி

இதில் மர்மம் என்ன இருக்கிறது சார்? புது வீட்டு முன்னால் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காயில் கண்ணும் மீசையும் வரைகிறோமே, அதைப் பார்த்து யாராவது கட்டுரை எழுதுகிறார்களா? வெள்ளைக்காரன் வரைந்தால் 'குறியீட்டியம்', நம்ம ஊர் பெயின்டர் வரைந்தால் வாஸ்து.

அரூர் மலர்

பர்கூராரே, கிண்டல் சரி, ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. திருஷ்டிப் பொம்மையின் கண் தெருவைப் பார்க்கும். எதிரே வருகிறவனின் பார்வையை வாங்கித் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. இந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை. வேலையே செய்யாத கண் இது. அதனால்தான் கட்டுரை தேவைப்படுகிறது.

தலையைப் பற்றி என் பங்குக்கு ஒன்று. தொகுப்பு போவுக்குக் காணிக்கை என்பதால் நேரே போவிடம் போனேன். கல்லூரியில் பாடம் நடத்தியவள் என்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் பழக்கம். அவருடைய ஒரு கதையில், ஒரு கிழவனின் கண் தன்னை வதைக்கிறது என்பதற்காகவே ஒருவன் அவனைக் கொல்கிறான். கொன்று, முதலில் வெட்டுவது தலையைத்தான். கண்ணும் இருக்கிறது, வெட்டிய தலையும் இருக்கிறது. பலூனில் பறப்பதாகவும் போ கதை விட்டிருக்கிறார், 1844-ல் ஒரு செய்தித்தாளில் உண்மைச் செய்தி போலவே வந்தது. மூன்றையும் சேர்த்தால் படம் கிடைத்துவிடுகிறது என்று தோன்றியது.

பாலக்கோட்டான்

மேடம், கணக்கு பொருந்துகிறது, ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. கரிப்படம் 1878. போ பெயர் ஒட்டியது 1882. முதலில் படம், நான்கு வருடம் கழித்துப் பெயர். தொகுப்பில் உள்ள எந்தப் படமும் போவின் குறிப்பிட்ட ஒரு கதைக்கான சித்திரம் இல்லை. தலைப்பு வரிகளும் ரெதோன் தானே எழுதியவை, போவின் மேற்கோள் அல்ல. பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் மொழிபெயர்ப்பில் போ அன்றைக்குப் பிரான்ஸில் பெரிய பெயர். அந்தப் பெயர் ஒரு வாசல் மாதிரி வைக்கப்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அரூர் மலர்

வாசல் வழியாகத்தானே உள்ளே போகிறோம்! சரி, கதைக்கான சித்திரம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதையைப் படித்தவர்களுக்கு இந்தக் கண் வேறு மாதிரி தெரியும் என்பதை அவர் அறிந்தே செய்தார். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பென்னாகரம் கூத்துப் பைத்தியம்

தலையைப் பார்த்ததும் எனக்கு அரவான்தான். வேறு யார்?

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும்போது அரவான் களப்பலி வரும். போர் தொடங்கும் முன்பே தன்னைப் பலி கொடுக்கிறான், ஆனால் போர் முழுவதையும் பார்க்க வேண்டும் என்று கண்ணனிடம் வரம் கேட்டுவிடுகிறான். உடம்பு போய்விடுகிறது, தலை மட்டும் உயரத்தில் இருந்து பதினெட்டாம் நாள் வரை பார்க்கிறது. வெட்டிய தலை, உயரம், மூடாத கண். இந்தப் பிரெஞ்சுக்காரர் படத்தில் இல்லாதது எது?

கூத்தில் அந்தக் கட்டம் விடியற்காலையில் வரும். தூங்கி வழிகிறவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்தப் படத்தைப் பார்த்ததும் அதே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தகடூர் கல்வெட்டு

கூத்துப் பைத்தியம் அண்ணா, அரவான் தலை எதைப் பார்க்கிறது? களத்தைப் பார்க்கிறது. யார் யாரைக் கொன்றார்கள் என்று பார்க்கிறது. சாட்சி அது. இங்கே கண் களத்துக்கு முதுகு காட்டுகிறது, அதாவது கண்ணுக்கு முதுகு இருந்தால். சாட்சி சொல்ல வந்த கண் இப்படிப் போகாது.

உயரே போவதைப் பற்றிப் பேசுவதானால் நடுகல் இன்னும் நெருக்கம். கிருஷ்ணகிரிப் பக்கம் மூன்று அடுக்கு நடுகற்கள் இருக்கின்றன. கீழ் அடுக்கில் வீரன் சண்டை போடுகிறான். நடு அடுக்கில் தேவலோகப் பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்து அவனை மேலே கொண்டுபோகிறார்கள். மேல் அடுக்கில் சிவலிங்கத்தின் முன் இருக்கிறான். ரெதோனின் படத்தையும் கீழிருந்து மேலே படியுங்கள்: சதுப்பு நிலம், தூக்கிச் செல்லப்படும் தலை, அதற்கு மேல் வானம். நம் கல்லில் மேல் அடுக்கில் என்ன இருக்கிறது என்று சிற்பி காட்டிவிடுகிறார். ரெதோன் நடு அடுக்கோடு நிறுத்திவிட்டார். மேல் அடுக்கு காகிதத்துக்கு வெளியே.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், தொறு (மாட்டு மந்தை) மீட்கும்போது பட்டானா, எல்லாம் கல்லிலேயே இருக்கும். எழுத்து படத்தைப் பூட்டுகிறது. ரெதோன் தன் படத்துக்குக் கீழே எழுதும் வரி பூட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறது.

பர்கூர் சந்தேகி

அப்போ ஆட்சியாண்டு போட்டிருந்தால் இந்த இழையே இல்லை.

தகடூர் கல்வெட்டு

ஆமாம். ஆனால் கலைஞன் யார் என்று கேட்டு ஒரு இழை ஓடும். நடுகல்லில் செத்தவன் பெயர் இருக்கும், செதுக்கியவன் பெயர் பெரும்பாலும் இருக்காது.

ஓசூர் ஆப்செட்

நான் அச்சகத்துக்காரன். அர்த்தம் எனக்கு வராது, காகிதமும் மையும் தெரியும். அதைச் சொல்கிறேன்.

லித்தோ என்பது எங்கள் ஆப்செட்டுக்குத் தாத்தா. எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் சூத்திரம். 1790-களின் கடைசியில் ஜெர்மனியில் செனெஃபெல்டர் கண்டுபிடித்தார். சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த கிரேயானால் வரைந்து, கல்லை நனைத்தால் வரைந்த இடம் தண்ணீரை ஏற்காது, மையை ஏற்கும். இன்றைக்கு எங்கள் மெஷினில் கல்லுக்குப் பதில் அலுமினியத் தகடு.

கல்லில் நேரடியாக வரைந்தால் அச்சில் இடம் வலமாகும். ரெதோன் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் காகிதத்தில் வரைந்து கல்லுக்கு மாற்றினார். அந்த வழியை அவருக்குக் காட்டியவர் இன்னொரு ஓவியர், ஃபான்தேன்-லாதூர். காகிதத்தில் வரைந்தது கல்லில் திரும்பும், கல்லிலிருந்து அச்சில் மறுபடி திரும்பி நேராகிவிடும். ரெதோன் லித்தோவுக்கு வந்ததே தன் கரிப்படங்களைப் பல பிரதிகளாக்கத்தான். இந்தத் தொகுப்பு 50 பிரதிகள்தான் போட்டார். எங்களிடம் கல்யாணப் பத்திரிகைக்கே 50 என்றால் வாங்க மாட்டோம்.

இப்போது முக்கியமான விஷயம். கரிப்படத்தில் வெளிச்சம் என்று நீங்கள் நினைப்பது வண்ணம் அல்ல. கரியைப் பூசி, தேய்த்து, பிறகு துடைத்து, சுரண்டி எடுத்த இடம். அதாவது கறுப்புதான் முதலில், வானம் அதிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. லித்தோவிலும் வெள்ளை என்பது மை படாத காகிதம். அந்தக் கண் எதை நோக்கிப் போகிறதோ அந்த இடத்தில் ஓவியர் எதையும் வைக்கவில்லை. வெறும் தாள். தகடூர் சார் 'மேல் அடுக்கு காகிதத்துக்கு வெளியே' என்கிறார். என் தொழில் கண்ணுக்கு, மேல் அடுக்கு காகிதமேதான்.

பாலக்கோட்டான்

'அர்த்தம் எனக்கு வராது' என்று சொல்லிவிட்டு இந்த இழையிலேயே நல்ல வாசிப்பைக் கொடுத்துவிட்டீர்கள் அண்ணா.

காகிதம் பற்றி ஒரு துணுக்கு சேர்க்கிறேன். சாயமிட்ட காகிதங்களில் அவர் நிறைய வரைந்தார், கரி உதிராமல் இருக்க மேலே பிசின் கலந்த திரவமும் பூசினார். வருடம் ஆக ஆகச் சாயம் வெளிறி, பிசின் பழுப்பேறிவிட்டது. அவருடைய கரிப்படங்கள் பலவற்றில் நாம் இன்று ரசிக்கும் அந்தப் பழைய தேன் நிறத்தில் பாதி காலம் வரைந்தது. 'மங்கிய பொன்னிறத்தில் ஒரு ஆன்மிக ஏக்கம்' என்றெல்லாம் எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

காவேரிப்பட்டணம் கண்ணாடிக்கடை

தினமும் கண்ணைப் பார்த்துப் பிழைக்கிறவன் என்பதால் வருகிறேன்.

கண் மேலே சொருகியிருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியம். விழித்திருக்கிற மனிதன் வானத்தைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் தூக்குவான், கண்ணை மட்டும் அவ்வளவு மேலே ஏற்றி அப்படியே வைத்திருக்க மாட்டான், வலிக்கும். கண் தானாக மேலே போவது மயக்கத்தில், வலிப்பில், தூக்கத்தில் இமை மூடியபின், உயிர் பிரியும்போது. இல்லாவிட்டால் திருவிழாவில் அருள் வந்து ஆடுகிறவருக்கு. இதில் எது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் சாதாரணமாக வேடிக்கை பார்க்கிற கண் இது இல்லை என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

பென்னாகரம் கூத்துப் பைத்தியம்

அருள்! நான் அரவானை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுகிறேன்.

அரூர் மலர்

அவ்வளவு சீக்கிரம் கட்சி மாறாதீர்கள் அண்ணா. அரவான் பொருந்தாத இடம்தான் நமக்கு உதவியது. தகடூர் தம்பி 'சாட்சி இல்லை' என்று சொன்ன பிறகுதான் கண் எங்கே பார்க்கிறது என்பதே எல்லோருக்கும் பெரிய கேள்வியானது.

சூளகிரி மாம்பழம்

புதிதாக வருகிறேன், மன்னிக்கவும். ரெதோன் இந்திய நூல்கள் படித்தவர் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் இது சிவனின் நெற்றிக்கண் இல்லையா? மேலே ஏறும் ஒற்றைக் கண். குண்டலினி என்றுகூடச் சொல்லலாம்.

பாலக்கோட்டான்

முதல் பாதி சரி. அர்மான் க்ளாவோ என்று ஒரு தாவரவியலாளர், போர்தோவில் ரெதோனுக்கு நெருங்கிய நண்பர். நுண்ணோக்கியில் செடிகளைக் காட்டியவரும் அவர்தான், போதலேரையும் இந்தியக் கவிதைகளையும் அறிமுகம் செய்தவரும் அவர்தான். பிற்காலத்தில் ரெதோன் புத்தரையும் வரைந்தார், அது வண்ணத்தில்.

ஆனால் நெற்றிக்கண் என்றால் நெற்றி வேண்டுமே. இங்கே கண் தலையிலிருந்து கழன்று, தலையையே சுமையாகக் கட்டித் தூக்குகிறது. நெற்றிக்கண் திறந்தால் எதிரே இருப்பது எரியும். இதற்கு எதிரே எதுவும் இல்லை. இந்தியா படித்தார் என்பதாலேயே எல்லாவற்றையும் நம் வீட்டுக்கு இழுத்து வரக் கூடாது. க்ளாவோவின் நுண்ணோக்கிதான் இந்தப் படத்துக்கு அதிகம் உதவுகிறது என்பது என் எண்ணம். நுண்ணோக்கியில் ஒற்றைச் செல் எப்படி எந்த உடம்பிலும் ஒட்டாமல் மிதக்குமோ, இந்தக் கண்ணும் அப்படித்தான் மிதக்கிறது. போ தொகுப்புக்கு அடுத்த வருடம், 1883-ல், 'தொடக்கங்கள்' என்று ஒரு தொகுப்பு போட்டார். அதில் பூவில் கண் முளைக்கிறது.

சூளகிரி மாம்பழம்

சரி சார். நெற்றி இல்லை என்பது நியாயமான அடி.

தகடூர் கல்வெட்டு

தலை யாருடையது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. ஒரு தடயம் கிடைத்தது. 1877-ல், அதாவது இதற்கு ஒரு வருடம் முன்பு, ரெதோன் இன்னொரு கரிப்படம் வரைந்திருக்கிறார்: கிண்ணத்தில் வைத்த ஒரு தியாகியின் தலை. நெதர்லாந்தில் க்ரொல்லர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கும் ஒரு வருடம் முன்பு, 1876-ல், குஸ்தாவ் மொரோ பாரிஸ் கண்காட்சியில் ஒரு நீர்வண்ணப் படம் வைத்தார். சலோமே நடனமாட, வெட்டப்பட்ட யோவான் ஸ்நானகனின் தலை அந்தரத்தில் ஒளி வீசி நிற்கும். பெரிய பேச்சானது. பைபிள் கதைப்படி நடனத்துக்குப் பரிசாகக் கேட்கப்பட்டதே அந்தத் தலைதான், அது தட்டில்தான் கொண்டுவரப்படும்.

ஆக, தட்டில் தலை என்பது அன்றைய பாரிஸ்காரனுக்குப் புதிர் இல்லை. பார்த்ததும் யோவான் என்று நாக்கின் நுனிக்கு வந்திருக்கும். ரெதோன் அந்தத் தட்டை எடுத்துப் பலூனில் கட்டிவிட்டார், சலோமேயைக் காணோம், அரண்மனையைக் காணோம்.

அரூர் மலர்

இது போவைவிட வலுவான தடயம். வருடமும் முறையாக வருகிறது.

கிருஷ்ணகிரி டேம் காத்து

பலூனை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். இன்றைக்கு நமக்குப் பலூன் என்றால் பிறந்தநாள். 1870-களின் பாரிஸுக்குப் பலூன் என்றால் வேறு.

1858-ல் நாடார் என்ற புகைப்படக்காரர் (நம்ம ஊர் நாடார் இல்லை, புனைபெயர்) பாரிஸுக்கு வெளியே பலூனில் ஏறி வானத்திலிருந்து படம் பிடித்தார். 1870-71-ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது கடிதங்களும் ஆட்களும் வெளியே போனது பலூனில்தான், அறுபதுக்கு மேற்பட்ட பலூன்கள். அமைச்சர் காம்பெத்தாவே அப்படித்தான் தப்பினார். ரெதோன் அந்தப் போரில் சிப்பாயாக இருந்தவர். அப்புறம் 1878 உலகக் கண்காட்சியின்போது ஜிஃபார் என்பவர் துய்லெரி தோட்டத்தில் கயிறு கட்டிய ராட்சதப் பலூன் ஒன்றை விட்டார். ஒரே தடவையில் நாற்பது ஐம்பது பேரை ஏற்றி மேலிருந்து ஊரைக் காட்டியது. ரெதோன் இந்தப் படத்தை வரைந்த அதே வருடம்.

கவனியுங்கள், முற்றுகையில் தபாலும் ஆளும் சுமந்ததை விட்டால், பலூன் எல்லாம் எதற்கு? கீழே பார்க்க. புகைப்படம் எடுக்க, எதிரியை வேவு பார்க்க, காசு கொடுத்து ஊரை வேடிக்கை பார்க்க. உயரே போவது என்பதே கீழே பார்ப்பதற்காக. ரெதோன் ஒரே ஒரு மாற்றம் செய்தார். பலூனைக் கண்ணாக்கி, அந்தக் கண்ணை மேலே திருப்பிவிட்டார். அந்த வருடம் பாரிஸில் நடந்து போகிற எவனும் இந்தப் படத்தைப் பார்த்தால் முதலில் அதைத்தான் கவனித்திருப்பான்.

பாலக்கோட்டான்

டேம் காத்து, இதற்காகத்தான் இங்கே போட்டேன். என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் சொன்னதோடு சேர்த்தால் தலையும் புரிகிற மாதிரி இருக்கிறது. கீழே பார்க்க வேண்டிய பயணி கூடையில் இருக்க வேண்டும். கூடைக்குப் பதில் தட்டு, பயணிக்குப் பதில் தலை. பயணி ஏறியிருக்கிறான், ஆனால் வேடிக்கை பார்க்க முடியாத நிலையில் ஏறியிருக்கிறான். இழுத்துப் போகப்படுகிறான். யோவான் என்று வைத்தாலும் சரி, பெயரில்லாத ஒருவன் என்று வைத்தாலும் சரி, தூக்குவது அவன் இல்லை.

பர்கூர் சந்தேகி

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவையும் ரெதோன் யோசித்தா வரைந்தார்? அவர் பாட்டுக்குக் கரியைத் தேய்த்திருப்பார், நீங்கள் உலகக் கண்காட்சியைக் கொண்டுவந்து கட்டுகிறீர்கள்.

அரூர் மலர்

நல்ல கேள்வி, கிண்டல் இல்லாமல் கேட்டதால் பதில் சொல்கிறேன். ரெதோன் தன்னைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகள் அவர் இறந்தபின் 1922-ல் புத்தகமாக வந்தன. அதில் தன் படங்கள் எதையும் வரையறுப்பதில்லை, இசையைப் போலத் தீர்மானமற்ற ஓர் உலகத்தில் கொண்டுபோய் விடுகின்றன என்கிறார். அதே ஆள்தான், கண்ணுக்குத் தெரிவதன் தர்க்கத்தைக் கண்ணுக்குத் தெரியாததற்கு வேலை செய்ய வைப்பதே தன் புதுமை என்றும் சொல்கிறார். இரண்டாவது வாக்கியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பலூன் பலூனாக இருக்க வேண்டும், கயிறு கயிறாகத் தொங்க வேண்டும், கண் கண்ணாடிக்கடைக்காரர் நம்பும்படி கண்ணாக இருக்க வேண்டும். அப்புறம்தான் கனவு. 'எனக்கு எது தோன்றுகிறதோ அதுதான் அர்த்தம்' என்கிறவர்களுக்கு இந்தப் படம் இடம் கொடுக்காது. நெற்றிக்கண்ணை நிராகரிக்க முடிந்ததே, எப்படி? படத்தில் நெற்றி இல்லாததால்.

காவேரிப்பட்டணம் கண்ணாடிக்கடை

நான் நம்புகிறேன் மேடம். இமைமுடி மட்டும் கொஞ்சம் அதிகம்.

பர்கூர் சந்தேகி

சரி, பூசணிக்காயை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் ஓரமாக வைக்கிறேன். இந்த ஆளுடைய வேறு படம் ஏதாவது காட்டுங்கள்.

பாலக்கோட்டான்

1881-ல் வரைந்த சிரிக்கும் சிலந்தி இருக்கிறது, அதுவும் கரிதான். உடம்பு முழுக்க ஒரே முகம், பல் தெரியச் சிரிக்கும். கால்களை எண்ணிப் பாருங்கள், பத்து வரும். தாவரவியலாளரை நண்பராக வைத்திருந்தவருக்குச் சிலந்திக்கு எட்டுக் கால் என்று தெரியாமல் இருந்திருக்காது. புது இழை திறக்கிறேன், முதல் பதில் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஓசூர் ஆப்செட்

அதன் லித்தோ 1887-ல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள் சார், பெரிய அளவில். போனில் பார்த்தால் கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும்.